கணக்குக் கேட்ட கற்சுவர்

உத்திரமேரூர் போனா, வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரைக் கொஞ்சம் நின்னு பாருங்க. 1,100 ஆண்டுகளுக்கு முன் ஊர்ச்சபை கூடிய இடம் இது. அந்தக் கால ஊராட்சி அலுவலகம்னே சொல்லலாம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919, 921-ல் வகுத்த தேர்தல் விதிகள் கருங்கல்லிலேயே வெட்டப்பட்டிருக்கு.

ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்க வைத்தார்கள். அதுதான் குடவோலை. ஏரிக்கும் தோட்டத்துக்கும் தனித்தனி வாரியங்கள். பதவிக்காலம் 360 நாள். பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. நெருங்கிய உறவினருக்கும் அதே தடை.

அன்று அந்தச் சபையில் பிராமண ஆண்களுக்கு மட்டுமே இடம். இன்று ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாருமே கிராம சபை உறுப்பினர்தான். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கூட்டங்களுக்குப் போங்க. வரவு செலவுக் கணக்கைக் கேளுங்க.