காலையில் வரும் வயிற்றுவலி

கேள்வி: செஞ்சியில் உதவிபெறும் கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். காலைப் பிரேயரில் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறாளாம். நாங்கள் கிறிஸ்தவர்கள் அல்ல. பள்ளி அவளுக்கு ஒட்டவில்லையோ?
- ஒரு தாய், செஞ்சி

பதில்: வீட்டில் அவள் என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிறாள், அம்மா? விடியலில் கழனிக்குப் போகும் வீடுகளில் பிள்ளைக்கு டீயும் பிஸ்கட்டும்தான் கிடைக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டுமே. உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அது எனக்கு வருத்தமே. கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு 2024 ஜூலை 15-ல் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியிலும், நகர்ப்புறத்துக்கு 2025 ஆகஸ்ட் 26-ல் மயிலாப்பூர் புனித சூசையப்பர் பள்ளியிலும் தொடங்கிவைத்தார்கள். இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள்தான். சாமி கும்பிடுவது வேறானாலும் பிள்ளைகள் சேர்ந்து உட்கார்ந்து பொங்கலும் உப்புமாவும் சாப்பிடுகிறார்கள். உங்கள் மகள் அந்த நேரத்துக்குப் போய்ச் சேருகிறாளா என்று பாருங்கள்.

சாப்பிட்டும் வலித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். கழிவறைக்குப் போகத் தயங்கி அடக்குகிறாளா, இடைவேளையில் யாரோடு விளையாடுகிறாள் என்று டீச்சரிடம் கேளுங்கள். பிரேயர்தான் சங்கடம் என்றால் தலைமையாசிரியரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றிப் பிள்ளையை வழிபாட்டில் கட்டாயப்படுத்த அரசியலமைப்பின் 28(3) இடம் தரவில்லை.