சுமை தூக்கும் எண்ணெய்

பேராவின் வடமேற்குக் கோடியில், கிரியான் ஆற்றை ஒட்டி அமைந்திருக்கிறது பாரிட் புந்தார். ஊரைச் சுற்றிலும் நெல்வயல்கள். 1906-ஆம் ஆண்டில் நிறைவடைந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தால் செழித்த வட்டாரம் இது. களிமண்ணும் ஈரமும் நெல்லுக்கு நல்லவை. சக்கரம் மாற்றுவதற்காக வயலோரம் நிற்கும் மகிழுந்துக்கு நல்லவை அல்ல. அத்தகைய மண்ணில் ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்குப் பதிலாகத் தானே புதைந்துவிடும். ஆகவே, ஜாக்கியோடு ஒரு தடித்த பலகைத் துண்டும் வண்டியில் இருக்க வேண்டும்.

ஹைட்ராலிக் ஜாக்கி எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குகிறது. அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்பதை 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு அறிஞர் பாஸ்கல் விளக்கினார். இதைப் பயன்படுத்தி இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் நீரழுத்த இயந்திரத்திற்குக் காப்புரிமை பெற்றார். ஜாக்கியில் இரண்டு உந்துதண்டுகள் உள்ளன. பெரியதன் பரப்பு சிறியதைப்போல் 10 மடங்கு என்றால், விசையும் 10 மடங்காகும். ஆனால், இலாபம் சும்மா கிடைப்பதில்லை. சிறிய தண்டு 2 சென்டிமீட்டர் இறங்கினால், பெரியது 2 மில்லிமீட்டர்தான் உயரும். கைப்பிடியைப் பலமுறை அழுத்த வேண்டியிருப்பது இதனால்தான்.

ஜாக்கி பாதி உயரத்திலேயே நின்றுவிட்டால், பெரும்பாலும் எண்ணெய் குறைந்திருக்கும். தண்டை முழுவதும் இறக்கி, ஜாக்கியை நிமிர்த்தி வைத்து, பக்கத்துத் துளையின் விளிம்புவரை ஜாக்கிக்குரிய எண்ணெயை ஊற்றலாம். பிரேக் எண்ணெயை ஊற்றவே கூடாது. அது சாதாரண ஜாக்கியின் ரப்பர் வளையங்களை ஊதச் செய்து கெடுத்துவிடும்.

கைப்பிடி பஞ்சுபோல் மெத்தென்று இறங்கினால், உள்ளே காற்று புகுந்திருக்கிறது. காற்றை அழுத்திச் சுருக்கலாம். எண்ணெயை அப்படிச் சுருக்க முடியாது. பாரமில்லாத நிலையில் இறக்கும் திருகைத் தளர்த்தி, கைப்பிடியைப் பத்துப் பதினைந்து முறை அசைத்தால் காற்று வெளியேறும். பிறகு திருகை இறுக்கிவிட வேண்டும்.

தூக்கிய வண்டி மெல்ல மெல்ல இறங்குவதே அஞ்ச வேண்டிய கோளாறு. திருகு சரியாக இறுகாமல் இருக்கலாம்; வால்வில் தூசு சிக்கியிருக்கலாம்; ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். நம் நாட்டின் ஈரக்காற்றில் தண்டு துருப்பிடித்தால், அந்தத் துருவே வளையத்தைக் கீறிவிடும். ஆகவே, தண்டைத் துடைத்து, முழுவதும் இறக்கியே வைக்க வேண்டும். கோளாறு இல்லாத ஜாக்கியானாலும் அதை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும். பாரத்தைத் தாங்குகால்களில் இறக்கிய பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

பழைய எண்ணெயை மாற்றும்போது அதை மூடியுள்ள தகரத்தில் சேர்த்து, கழிவெண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் கொடுக்கலாம். 'பாரிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வாய்க்கால் என்பது பொருள். இங்கே வாய்க்காலில் ஊற்றுவது வயலுக்குப் போய்ச் சேரும்.