மாடும் அடைமொழியும்

வெல்லாவெளி வயற்புறத்து மாணவர்க்கு மாடும் எருமையும் நன்கு பழகிய உயிர்கள். அவற்றைக் கொண்டே ஓர் இலக்கணம் கூறுவோம்.

இலத்தீன் மொழியில் மாட்டைச் சார்ந்ததெனக் குறிக்கும் அடைமொழி, தான் தழுவும் பெயரின் பாலுக்கேற்ப ஈறு திரியும். ஆண்பாற் சொல்லாகிய கண்ணுக்குப் ‘போவீனுஸ்’. பெண்பாற் சொல்லாகிய தோலுக்குப் ‘போவீனா’. இரண்டுமல்லாத கொம்புக்குப் ‘போவீனும்’.

தமிழிலோ, ‘மாடு’ என்பது ‘மாட்டு’ என ஒருமுறை திரிந்தபின் எப்பெயர் வரினும் மாறாது: மாட்டுக்கண், மாட்டுத்தோல், மாட்டுக்கொம்பு. வருஞ்சொல்லின் முதல் வல்லெழுத்தே இடையில் மிகும்.

இவ்வொற்றைச் சிறிதென எண்ணி மாணவர் விட்டெழுதுதலை விடைத்தாள்களில் யாம் அடிக்கடி காண்கின்றோம். ‘எருமை பால் தந்தது’ என்புழி எருமை எழுவாய். ‘எருமைப்பால் தந்தது’ என்புழியோ, அது பாலுக்கு அடை, தந்தது வேறொன்று. பொருளைப் பிரிப்பது ஒரு பகரவொற்றே.

ஆதலின், பழைய மாணவர்களே, நும் மக்களும் இவ்வொற்றைப் பேணி எழுதுமாறு செய்வீராக.