மல்லேஸ்வரத்தை நடந்து பார்

அன்புள்ள கண்ணுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. பெங்களூருக்கு வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டால் டிராஃபிக் என்கிறாய், வாடகை என்கிறாய். அதற்குமேல் சொல்ல உனக்கு ஒன்றும் இல்லை என்பதுதான் என்னை உறுத்துகிறது. வெளிவட்டச் சாலையில் ஆபீஸ், பக்கத்திலேயே அபார்ட்மென்ட் என்று இருந்தால் அந்த ஊர் கண்ணில் படாது. மாசி பிறந்துவிட்டது. சித்திரை முடியும்வரை ஞாயிற்றுக்கிழமைக் காலைகளை ஒதுக்கிவைத்துக்கொண்டு மல்லேஸ்வரத்துக்குப் போ. நான் குடியிருந்த இடம் என்பதால் மட்டும் சொல்லவில்லை.

இந்த மாதங்களைச் சொல்வதற்குக் காரணம் மரங்கள். ஒன்று பூத்து ஓய்வதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். முதலில் இளஞ்சிவப்புத் தபேபுயா, அப்புறம் ஊதா ஜகரண்டா, வெயில் ஏற ஏற மயில்கொன்றை. லால்பாக்கை நிர்வகித்த கிரும்பிகல் என்ற ஜெர்மானியர், வருடம் முழுக்க ஏதாவது ஒன்று பூத்திருக்கும்படி சாலை மரங்களைத் தேர்ந்தார் என்பார்கள். இவை எல்லாம் கடல் கடந்து வந்தவை. அண்ணாந்து இவற்றைப் பார்க்கும்போது நம் புங்கமரத்தை விட்டுவிடாதே. இலை உதிர்த்துவிட்டுப் பங்குனியில் தளிர்க்கும். அந்தத் தளிரின் பளபளப்பு சில நாள்தான். பிறகு சாதாரணப் பச்சையாகிவிடும். ஒரே தெருவுக்கு வாராவாரம் போனால்தான் அது கிடைக்கும். வாரம் ஒரு பேட்டை என்று அலையாதே.

அந்தத் தெருக்கள் ஏன் அப்படி நேராக, விசாலமாக இருக்கின்றன என்றும் தெரிந்துகொள். 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. பேட்டையின் நெருக்கமான சந்துகளில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் குடியமர்த்தத்தான் மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் வளர்த்தார்கள். மெயின் ரோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் கிராஸ்களும், வீட்டைச் சுற்றித் தோட்டமும் அந்தப் பயத்தில் போட்ட திட்டம்.

வீட்டு வரிசைகளுக்குப் பின்னால் ஒடுக்கமான சந்துகள் போகும். கன்சர்வென்சி லேன் என்று பெயர். மலம் அள்ளுகிற தொழிலாளர்கள் யார் கண்ணிலும் படாமல் வந்துபோக விட்ட வழி. மனைகளையும் சாதி பார்த்துத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். சம்பிகே ரோட்டின் அழகைச் சொல்கிறவர்கள் இந்தச் சந்துகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. கண்ணு, நீ அங்கேயும் நட. முன்வாசலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் பாதி ஊரைத்தான் பார்த்திருக்கிறாய் என்று சொல்வேன்.

பழைய வீடுகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. மங்களூர் ஓடு, கருங்கல் கேட் தூண், வழவழப்பான சிவப்பு ஆக்சைடு தரை. ஜன்னலுக்கு மேலே கூர்முனையோடு மரச்சட்டம் அடித்த கூரை நீட்டிக்கொண்டிருந்தால் அதுதான் ‘மங்கி டாப்’, பெங்களூர் பங்களாக்களின் அடையாளம். பார்த்ததும் போனைத் தூக்காதே. அது ஒருவர் குடியிருக்கும் வீடு. வாசலில் யாராவது பூ பறித்துக்கொண்டிருந்தால் வணக்கம் சொல்லி, “மனே தும்ப சென்னாகிதே” என்று கன்னடத்தில் நாலு வார்த்தை பேசு. பெரியவர்களாக இருந்தால் வீட்டைப் பற்றி அவர்களே சொல்வார்கள். ஒரு வருடமாக அந்த ஊர்ச் சோறு தின்கிறாய், பாஷை கற்றுக்கொள்வது மரியாதை.

காடு மல்லேஸ்வரர் கோயிலுக்குக் கட்டாயம் போ. ஊருக்குப் பெயர் தந்த சாமி அவர். அரசமரத்தடி நாகக்கற்களைப் பார்த்துவிட்டு எதிரே நந்தி தீர்த்தத்தில் கொஞ்சநேரம் உட்கார். நந்தியின் வாயிலிருந்து தண்ணீர் லிங்கத்தின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். கோயிலுக்குக் கொடை தந்ததாக 1669-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்வது ஏகோஜியை. சிவாஜியின் மாற்றாந்தாய்த் தம்பி. பின்னால் தஞ்சாவூரைப் பிடித்து அங்கே மராட்டிய ஆட்சியைத் தொடங்கியவரும் அவரேதான். 1930-ல் நோபல் பரிசு பெற்ற நம் திருச்சிக்காரர் சி.வி. ராமனின் ‘பஞ்சவடி’ வீடும் மல்லேஸ்வரத்தில்தான். நமக்குச் சம்பந்தமில்லாத ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தாயானால் அதை விட்டுவிடு.

மற்றபடி சில்லறைச் சங்கதிகள். ஏழு மணிக்குள் நடக்கத் தொடங்கிவிடு. பிறகு சந்தைக் கூட்டம் வந்துவிடும். நடைபாதைக் கற்பலகைகளுக்குக் கீழே சாக்கடை ஓடுகிறது, சில பலகைகள் ஆடும், மரத்தைப் பார்த்துக்கொண்டே கால் வைக்காதே. ராமநவமி அன்று தெருமுனைகளில் பானகமும் கோசம்பரியும் நீர்மோரும் கொடுப்பார்கள். வெட்கப்படாமல் கை நீட்டி வாங்கிக்கொள்.

தள்ளிப்போட மட்டும் வேண்டாம். போன வருடம் நான் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஓட்டு வீடுகளில் சில இல்லை. அந்த மனைகளில் மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. மெஜஸ்டிக்கில் பச்சை வழி மெட்ரோவுக்கு மாறினால் சம்பிகே ரோடு அடுத்த ஸ்டேஷன். இந்த ஞாயிற்றுக்கிழமையே போய் வா.

அன்புடன்,
அத்தை