ஆல்ட் 171: ஒரே எண், மூன்று எழுத்து

விண்டோஸ் கணினியில் வேர்டைத் திறந்து, இடப்பக்க ஆல்ட் பொத்தானைப் பிடித்தபடியே, வலப்பக்க நம்பர் பேடில் 171 என்று அடித்து, ஆல்ட்டை விடுங்கள். ½ வந்து நிற்கும். முன்னால் ஒரு பூஜ்யம் சேர்த்து 0171 என்று அடித்தால் « வரும். அந்த «வைத் தேர்ந்தெடுத்து, பழைய திஸ்கி எழுத்துரு ஒன்றுக்கு மாற்றினால் அதுவே 'அ' ஆகிவிடும்.

டிடிபி கடைகளில் மானிட்டர் ஓரமாக ஒட்டிவைத்திருக்கும் கோடு பட்டியல்களில் பாதி ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது. எண்ணுக்கென்று தனியாக எழுத்து எதுவும் கிடையாது. எந்த அட்டவணையில் அந்த எண் என்பதுதான் கேள்வி. 1981இல் வந்த ஐபிஎம் பிசியில் 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணை இருந்தது. அதில் 171ஆம் இடம் ½. பின்னால் விண்டோஸ் தனக்கென்று வேறு அட்டவணை வைத்துக்கொண்டது. பழைய எண்ணுக்குப் பழகிய கைகளைக் கைவிடவும் மனமில்லை. அதனால் பூஜ்யம் இல்லாமல் அடித்தால் பழைய அட்டவணை, பூஜ்யத்தோடு அடித்தால் புதியது என்று ஏற்பாடு. தமிழ் எழுத்துருக்காரர்கள் யூனிகோடுக்கு முன் இதே இடங்களில் தமிழ் எழுத்துகளைக் குடிவைத்தார்கள். திஸ்கியில் 171க்கு 'அ' வந்தது அப்படித்தான். ஆகவே பட்டியலைப் பார்த்து அடிக்கும்போது பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். டிகிரிக்கு 0176. பூஜ்யத்தை மறந்தால் ░ என்று புள்ளிக் கட்டை ஒன்று வரும்.

பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்வது வீண் வேலை. தினமும் தமிழில் எழுதுகிறவருக்கு அடிக்கடி வேண்டியவை சிலதான்: டிகிரி 0176, பெருக்கல் × 0215, வகுத்தல் ÷ 0247, கால் ¼ 0188, அரை ½ 0189, முக்கால் ¾ 0190, சதுர மீட்டருக்கான ² 0178. மற்றதெல்லாம் வருடத்துக்கு ஒருமுறை தேவைப்படும், அப்போது தேடிக்கொள்ளலாம்.

வேர்டில் எழுதுபவர்கள் இந்த ஆல்ட் எண்களையே கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிடலாம் என்பேன். அதைவிட நல்ல வழி ஆல்ட் எக்ஸ். யூனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கோடு உண்டு. அதை அடித்துவிட்டு, ஆல்ட்டோடு எக்ஸ் பொத்தானைத் தட்டினால் கோடு மறைந்து குறி வந்துவிடும். ரூபாய்க்கு 20பி9. (இங்கே பி, சி, எஃப் என்று வருவதெல்லாம் ஆங்கில எழுத்துகள், அப்படியே ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.) சமையல் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. 1/2 என்று அடித்தால் வேர்டு தானாகவே ½ ஆக்கிவிடும், 1/3ஐ மட்டும் அப்படியே விட்டுவிடும். ஒரே குறிப்பில் இரண்டும் அடுத்தடுத்து வந்தால் பார்க்கச் சகிக்காது. 2153 அடித்து ஆல்ட் எக்ஸ் தட்டுங்கள், ⅓ வரும். 2154க்கு ⅔.

இதில் இரண்டு இடங்களில் எல்லோருக்கும் கால் தடுக்கும். ஒன்று, கோடுக்கு முன்னால் ஏற்கெனவே எண் இருப்பது. அடுப்பின் சூடு 180° என்று எழுத வேண்டும். 180ஐ ஒட்டி 00பி0 என்று அடித்துத் தட்டினால், எங்கே எண் முடிந்து எங்கே கோடு தொடங்குகிறது என்று வேர்டுக்குத் தெரியாது. ஷிஃப்ட்டைப் பிடித்து அம்புக்குறியால் கடைசி நான்கை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டுத் தட்டினால் சரியாகிவிடும். மற்றது, தமிழ் 99 கீபோர்டு ஓடிக்கொண்டிருக்கும்போது கோடு அடிக்கப் பார்ப்பது. பி பொத்தானைத் தட்டினால் 'ங' வரும், கோடே அமையாது. விண்டோஸ் பொத்தானோடு ஸ்பேஸைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாறி, அடித்து முடித்தபின் தமிழுக்குத் திரும்புங்கள். ஆல்ட் எண்களுக்கும் இதுவே நல்லது.

ஆல்ட் எக்ஸின் உண்மையான அருமை அது திரும்பியும் வேலை செய்வதில்தான். எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்துத் தட்டினால், அந்த எழுத்தின் கோடு தெரியும். மறுபடி தட்டினால் எழுத்தே திரும்பிவிடும். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு இதைவிடக் கூர்மையான பூதக்கண்ணாடி கிடையாது. 'ஔவை' என்று கண்ணுக்குத் தெரிவது சரியான ஔவா, அல்லது ஒவும் ளவும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றனவா? தட்டிப் பாருங்கள். 0பி94 என்று வந்தால் ஔ. 0பிபி3 என்று வந்து, அதற்கு முன்னால் ஒ தனியாக நின்றால், அது ள. இப்படி அடித்த ஔவையார், மின்நூலில் எவ்வளவு தேடினாலும் அகப்பட மாட்டார். ககரத்துக்கும் தமிழ் எண் ஒன்றுக்கும் (௧), அகரத்துக்கும் தமிழ் எட்டுக்கும் (௮) உள்ள குழப்பமும் இதே வகை. கல்யாணப் பத்திரிகையின் தலையில் பிள்ளையார் சுழியாக நிற்பது உகரமா தமிழ் இரண்டா என்று தட்டிப் பார்த்தால் சில சமயம் வேடிக்கையாக இருக்கும். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், தேடுபொறிதான் திணறும்.

கண்ணுக்கே தெரியாத குறி ஒன்றும் தமிழுக்கு வேண்டியிருக்கிறது. க், ஷ இரண்டையும் அடுத்தடுத்து அடித்தால் கணினி தானாக அவற்றைக் கூட்டெழுத்தாக்கிவிடும். 'ரிக்‌ஷா' என்று பிரித்து அச்சிட வேண்டுமென்றால், க் அடித்து முடித்ததும் 200சி, ஆல்ட் எக்ஸ், அதன் பிறகு ஷா. இடையில் எதுவும் தெரியாது, ஆனால் சேராது.

பழைய பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் தட்டச்சு செய்பவர்களுக்கு: நாள் ௳, மாதம் ௴, வருடம் ௵, பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹, எண் ௺ ஆகிய எட்டும் 2003 முதல் யூனிகோடில் வரிசையாக இருக்கின்றன. முதலாவது 0பிஎஃப்3. தமிழின் ௹ இப்படி உள்ளே போனபோது இந்திய ரூபாய்க்கென்று குறியே கிடையாது. உதயகுமார் வரைந்த ₹ 2010 ஜூலையில் அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டே யூனிகோடில் ஏறியது. கீபோர்டு அமைப்பை 'ஆங்கிலம் (இந்தியா)' என்று வைத்திருந்தால் கோடே வேண்டாம். வலப்பக்க ஆல்ட்டோடு 4 தட்டினால் ₹ வந்துவிடும். இந்தக் குறிக்கு 8377 என்று ஓர் ஆல்ட் எண்ணும் பட்டியல்களில் இருக்கும். வேர்டில் அது பலிக்கும். பழைய நோட்பேடில் ╣ என்று ஒரு கோட்டுத்துண்டுதான் வரும். அது 255க்கு மேல் எண்ணத் தெரியாதது. 8377ஐ 256ஆல் வகுத்து, மீதியான 185ஐ எடுத்துக்கொண்டு, பழைய அட்டவணையில் அந்த இடத்தில் இருப்பதை வைத்துவிடும்.

நம்பர் பேட் இல்லாத லேப்டாப்பில் மேல் வரிசை எண்களை ஆல்ட்டோடு தட்டிப் பயனில்லை. விண்டோஸ் பொத்தானோடு முற்றுப்புள்ளியைத் தட்டுங்கள். திறக்கும் பெட்டியில் சிரிப்பு முகங்களைத் தாண்டிப் போனால் குறிகளுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. லிப்ரெ ஆபிஸிலும் ஆல்ட் எக்ஸ் உண்டு. லினக்ஸில் பல செயலிகளில் கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் தட்டி, கோடு அடித்து, என்டர். விம் பயன்படுத்துபவர்கள் எழுதும் நிலையில் கன்ட்ரோல் வி, பிறகு யூ, பிறகு கோடு. மேக்கில் டிகிரிக்கு ஆப்ஷன், ஷிஃப்ட், 8.

டிகிரிக்குப் பதில் ஆங்கில ஓவைச் சிறிதாக்கி மேலே ஏற்றுவது, பெருக்கலுக்கு ஆங்கில எக்ஸ் போடுவது எல்லாம் காகிதத்தில் தப்பித்துக்கொள்ளும். கோப்பை வேறு இடத்தில் ஒட்டியதும் அளவு போய், 180° என்பது 1800 போலத் தெரியும். சமையலில் அது விபத்து.

சரியான கோடு அடித்தும் கட்டம் மட்டும் வந்தால் கோடைச் சந்தேகிக்காதீர்கள்; அந்த எழுத்துருவில் அந்தக் குறி இல்லை, அவ்வளவுதான். நிர்மலா யூஐ அல்லது நோட்டோ தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். அச்சகத்துக்கு அனுப்பும்போது மட்டும் இன்னும் ஒரு எச்சரிக்கை. அங்கே யூனிகோடைப் பழைய எழுத்துருவுக்கு மாற்றி வேலை செய்வார்களானால், °, ½, ₹ மூன்றும் மாற்றும்போதே தொலைந்துபோகவோ தமிழ் எழுத்தாக மாறவோ கூடும். வேர்டு கோப்போடு ஒரு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புங்கள். அதில் குறி வரும் இடங்களுக்கெல்லாம் மஞ்சள் பூசிவிடுங்கள். புரூஃப் வந்ததும் முதலில் அந்த மஞ்சள் இடங்களை மட்டும் சரிபாருங்கள்.