‘எப்படி இருக்கு?’ என்று மட்டும் கேட்காதே

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய அப்பத்தா படம் கிடைத்தது. கூடவே, ‘எப்படி இருக்கு? லைட்டிங், எடிட்டிங் ரெண்டையும் பாத்து சொல்லுங்க’ என்று ஒரு வரி. இதே கேள்வியை உன் சிநேகிதர்களிடமும் கேட்டிருப்பாய், ‘செம’ என்று சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதிலும் அப்படித்தான் வரும். ஒரு முகப்படத்துக்குக் குறை கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. உன் படத்தை வைத்தே அதைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் சங்கடம், நீ எடிட் செய்து முடித்த படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறாய். அதைப் பார்த்து வெளிச்சத்தைப் பற்றிப் பேசுவது, முழு மேக்கப் போட்ட முகத்தைப் பார்த்து உடம்புக்கு என்ன என்று சொல்வது மாதிரி. அப்பத்தாவின் இடது கன்னம் தட்டையாகத் தெரிகிறது. எடுக்கும்போதே அப்படியா, நிழல் பகுதியின் வெளிச்சத்தை நீ பிறகு ஏற்றியதால் அப்படியா? உன் படம் அதைச் சொல்லாது. யாரிடம் குறை கேட்டாலும் கேமராவிலிருந்து வந்த படத்தைக் கை வைக்காமல் ஒன்று, எடிட் செய்தது ஒன்று என்று இரண்டையும் கொடு. வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பு.

ஆனாலும் எந்த எடிட்டிங்கும் எளிதில் மறைக்காத சாட்சி ஒன்று உண்டு. அது கண். அப்பத்தாவின் கருவிழியைப் பெரிதாக்கிப் பார். ஒரு வெள்ளைச் சதுரம், அதற்குள் மெல்லிய குறுக்குக் கோடுகள். அது கம்பி போட்ட ஜன்னல். அதற்கு மேலே சின்னதாக வட்டமாக ஒரு மஞ்சள் புள்ளி. பல்பு எரிந்துகொண்டிருக்கிறது! பகல் வெளிச்சத்தின் நிறம் சுமார் 5500 கெல்வின். வீட்டில் போடும் மஞ்சள் பல்பு 2700 பக்கம். அதனால்தான் அப்பத்தாவின் வெள்ளைச் சேலை ஜன்னல் பக்கம் நீலம் பாய்ந்தும் மறுபக்கம் மஞ்சள் பூசியும் இருக்கிறது. ஒயிட் பேலன்ஸை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் ஒரு பாதிதான் சரியாகும். நீ அதோடு மல்லுக்கட்டியது படத்தில் தெரிகிறது, நிறத்தையே பாதி உறிஞ்சி எடுத்துவிட்டாய். ஸ்விட்சை அணைத்திருந்தால் இவ்வளவு பாடு இல்லை.

வெளிச்சத்தின் திசையை மூக்கு நிழலில் படி. உன் படத்தில் அந்த நிழல் பக்கவாட்டில் நேராக ஓடிக் காதுப் பக்கம் போகிறது. அதாவது ஜன்னல் அவருக்குச் சரியான பக்கவாட்டில், முகத்தின் மட்டத்திலேயே இருக்கிறது. அவரைச் சற்றே ஜன்னல் பக்கம் திருப்பி, ஜன்னலின் கீழ்ப்பாதியைப் போர்வையால் மூடியிருந்தால் வெளிச்சம் மேலிருந்து சாய்ந்து விழுந்திருக்கும். மூக்கு நிழல் கீழே இறங்கிக் கன்னத்து நிழலோடு சேரும். இருட்டான கன்னத்தில், கண்ணுக்குக் கீழே ஒரு சிறு முக்கோண வெளிச்சம் மட்டும் மிஞ்சும். 17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட் தீட்டிய முகங்களில் இந்த வெளிச்சத்தைப் பார்க்கலாம். அதனால் அவர் பெயராலேயே அது வழங்குகிறது.

தூரமும் ஒரு கணக்கு. சின்ன விளக்காக இருந்தால் தூரம் இரண்டு மடங்கானதும் வெளிச்சம் கால் பங்காகிவிடும். ஜன்னல் பெரியது என்பதால் அவ்வளவு வேகமாகக் குறையாது, ஆனால் குறையும். ஜன்னலை ஒட்டி உட்கார்ந்தால் நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும், ஆனால் இரு கன்னங்களுக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் அதிகம். அதற்கு மருந்து, இருட்டான பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுவது. சிரிக்காதே. 1956இல் சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ படத்துக்கு ஸ்டுடியோவுக்குள் காசி வீட்டு முற்றத்தை அமைத்தபோது, ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டி, கீழிருந்து விளக்குகளை அதில் அடித்து, திரும்பி இறங்கிய வெளிச்சத்தில்தான் படமெடுத்தார். வானத்து வெளிச்சம் என்றே நம்பத் தோன்றும்.

இதையெல்லாம் சட்டமாக எடுத்துக்கொள்ளாதே. கண்ணில் ஒளிப்புள்ளி இல்லையென்றால் குறை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் 1972இல் வந்த ‘காட்ஃபாதர்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் தலைக்கு மேலிருந்து வெளிச்சம் கொடுத்து மார்லன் பிராண்டோவின் கண்களை இருட்டிலேயே வைத்தார். அந்த மனிதர் என்ன நினைக்கிறார் என்று தெரியக் கூடாது, அதற்காக. குறை கேட்கும்போது நீ நினைத்ததைச் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். ‘அப்பத்தா கறாரான ஆள், அது தெரியணும்னு நினைச்சேன்’ என்று ஒரு வரி எழுதியிருந்தால், நான் இந்த மெத்தென்ற வெளிச்சத்தைப் பற்றி எழுதுவதே வேறாக இருந்திருக்கும்.

இனி எடிட்டிங். இங்கே எனக்குக் கொஞ்சம் கோபமும் உண்டு. அப்பத்தாவை ஏனப்பா வெளுக்க வைத்தாய்? கல்யாண ஆல்பத்துக்கு ‘கொஞ்சம் கலரா போட்டுக் கொடுங்க’ என்று கேட்கும் வீட்டாரைப் பார்த்துச் சலித்தவன் நான். நீ யாரும் கேட்காமலேயே செய்திருக்கிறாய். முழுப் பழியும் உன் மேல் இல்லை. கேமராவின் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். மாநிறத்தைவிடக் கறுத்த முகம் சட்டகத்தை நிறைத்தால் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும். ஃபிலிம் காலத்தில் இன்னும் மோசம். கோடக் நிறுவனம் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்க லேப்களுக்குக் கொடுத்த ‘ஷெர்லி’ அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் படம்தான். கறுத்த முகங்கள் அந்த ஃபிலிமில் விவரமில்லாமல் போயின. இன்று அந்த அட்டை இல்லை, உன் கையில் ஸ்லைடர் இருக்கிறது. கறுத்த தோலின் அழகு, எலும்பு மேட்டில் விழும் பளபளப்பில் இருக்கிறது. அப்பத்தாவின் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் இருந்திருக்க வேண்டிய அந்த மினுக்கத்தை நீ மழுங்கடித்துவிட்டாய்.

சுருக்கங்களும் அப்படியே. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவ்வின் மேல் கூர்சீவிய பென்சிலால் டச்சப் செய்வார்கள். அந்த வேலை தெரிந்தவர்கள் சுருக்கத்தை அழிக்க மாட்டார்கள், அதன் ஆழத்தை மட்டும் கொஞ்சம் குறைப்பார்கள். இன்றைக்கும் அதுதான் வழி. இரண்டு வாரத்தில் தானே மறையக்கூடிய பரு, கீறலை எடுத்துவிடலாம். மச்சம், தழும்பு, வரி எல்லாம் அவருடையவை.

இன்னொன்று, நீ கவனித்திருக்க மாட்டாய். போனில் போர்ட்ரெய்ட் மோடு போட்டு எடுத்திருக்கிறாய். பாம்படம் போட்டு வளர்த்த காது அப்பத்தாவுக்கு. பின்னணி முழுக்க மங்கலாக இருக்க, அந்தத் தொங்கும் காதுத் துளைக்குள் மட்டும் பின்சுவரின் காரை துல்லியமாகத் தெரிகிறது. துளையையும் முகத்தோடு சேர்த்துக்கொண்டது போன். நெற்றியோரத்து நரைமுடிகளையும் பாதியில் வெட்டியிருக்கிறது. ஒருமுறை கண்ணில் பட்டால் பிறகு வேறெதுவும் தெரியாது.

யாரிடம் கேட்பது? அப்பத்தாவைத் தெரிந்த ஒருவரிடம் ‘இது அவங்க மாதிரி இருக்கா?’ என்று கேள், டெக்னிக்கைப் பற்றிப் பேசாதே. தெரியாத ஒருவரிடம் படத்தை ஒரு கணம் காட்டிவிட்டு எடுத்துக்கொண்டு, ‘முதல்ல கண்ணு எங்க போச்சு?’ என்று கேள். ‘பின்னால இருந்த காலண்டர்’ என்று சொன்னால் உன் வேலை அங்கே இருக்கிறது. தொழில் தெரிந்தவரிடம் குறிப்பாகக் கேள்: ‘நிழல் பக்கத்தை இவ்வளவு ஏத்தியிருக்கேன், அதிகமா?’ அவர் பேசும்போது குறுக்கே விளக்கம் சொல்லாதே. அவர் சொல்லும் வைத்தியத்தை ஏற்க வேண்டும் என்பதில்லை. ‘கண்ணை இன்னும் பளிச்சுனு ஆக்கு’ என்பார். கண்ணை வெளுத்தால் பொம்மைக் கண்ணாகிவிடும். ஆனால் கண் மங்கலாகப் பட்டிருக்கிறது என்பது உண்மை. கன்னத்தின் வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கினாலே கண் எழுந்து வரலாம்.

எடிட் செய்யும்போது, போன் ஸ்கிரீனை மஞ்சளாக்கும் நைட் லைட்டை அணைத்துவை, அந்த மஞ்சளில் நிறம் பார்க்க முடியாது. முடித்ததும் உடனே யாருக்கும் அனுப்பாதே. மறுநாள் காலையில் மூலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார், ஸ்லைடர்களைப் பாதிக்குக் குறைக்கத் தோன்றும். ஒரு 6×8 பிரிண்டும் போட்டுவிடு. ஸ்கிரீனில் தெரியும் நிழல் விவரம் காகிதத்தில் அப்பிக்கொண்டு போவதை அப்போதுதான் பார்ப்பாய்.

கை வைக்காத ஃபைலை இந்த வாரமே அனுப்பு. கூடவே, அப்பத்தாவை எப்படிக் காட்ட நினைத்தாய் என்று இரண்டு வரி எழுது. அந்த இடது கன்னத்தைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அன்புடன்,
சித்தப்பா