கமறினால் நல்ல எண்ணெய்

"கசக்கிறது, தொண்டை கமறுகிறது. இது கெட்டுப்போன சரக்கு."

எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெயை முதன்முதலாக வாயில் வைப்பவர்களுக்கு வரும் இயல்பான சந்தேகம் இது. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ தொண்டையைப் பிடித்தால் சிக்குப் பிடித்துவிட்டது என்று ஒதுக்கியே பழகியவர்கள் நாம். ஆலிவில் கணக்கு நேர்மாறு. தரம் பார்க்கும் சுவைஞர்கள் கசப்பையும் கமறலையும் எண்ணெயின் நிறைகளாகவே குறிக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள மோனெல் ஆய்வு மையத்தின் விஞ்ஞானி கேரி பீச்சம், சிசிலியில் நடந்த ஒரு கூட்டத்தில் புது ஆலிவ் எண்ணெயை ருசித்தார். தொண்டையின் பின்பக்கம் மட்டும் எரிந்தது. இபுபுரூஃபன் வலி மருந்தைத் திரவமாக விழுங்கினால் வரும் அதே எரிச்சல். அந்த மருந்தின் சுவையை ஏற்கெனவே ஆராய்ந்தவர் என்பதால் அவருக்கு உடனே பிடிபட்டது. 2005இல் அவர் குழு 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை, எண்ணெயில் அந்த எரிச்சலைத் தரும் பொருளுக்கு ஓலியோகாந்தல் என்று பெயரிட்டது. இபுபுரூஃபன் தடுக்கும் அதே அழற்சி நொதிகளை இதுவும் தடுக்கிறது. அதற்காகத் தலைவலிக்கு எண்ணெய் குடிக்க வேண்டாம். 50 கிராம் எண்ணெய்கூட மருந்தின் அளவில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குத்தான் ஈடு என்று அதே கட்டுரை கணக்கிட்டிருக்கிறது.

வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். சின்னக் கோப்பையில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி, மேலே ஒரு கையால் மூடி, மறு கையால் அடியை ஏந்திக் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக்குங்கள். கையை எடுத்து முகர்ந்தால் வெட்டிய புல், தக்காளி இலை, பச்சைக்காய் இவற்றில் ஏதோ ஒரு வாசம் எழ வேண்டும். பிறகு கொஞ்சம் வாயில் விட்டு, பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி விழுங்குங்கள். முதலில் நாக்கில் கசப்பு, சில நொடி கழித்துத் தொண்டையில் கமறல், இருமல்கூட வரலாம். அப்படியின்றிப் பழைய வேர்க்கடலை வாடையோ மெழுகு வாடையோ அடித்தால், சிக்குப் பிடித்தது அதுதான். பாட்டிலில் என்ன அச்சிட்டிருந்தாலும் அது எக்ஸ்ட்ரா விர்ஜின் அல்ல. மாட்ரிட்டில் இயங்கும் பன்னாட்டு ஆலிவ் மன்றத்தின் விதிப்படி, கட்டற்ற கொழுப்பு அமிலம் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதோடு, பயிற்சி பெற்ற சுவைஞர் குழு ருசித்து ஒரு குறையும் காணக் கூடாது.

"நல்ல பச்சையாக இருந்தால் உயர்ந்த தரம்."

நிறம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காகவே சுவைஞர்கள் நீலக் கண்ணாடிக் கோப்பையில் ஊற்றி ருசிக்கிறார்கள். பச்சைக்குக் காரணம் பச்சையம். வெளிச்சம் பட்டால் அந்தப் பச்சையமே எண்ணெய் சிக்குப் பிடிப்பதை விரைவுபடுத்தும். கடை விளக்கின் கீழ் வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பளபளக்கும் பச்சையை நம்பாதீர்கள். அடர்நிறப் பாட்டிலாகப் பார்த்து, அறுவடைத் தேதி இருக்கிறதா என்று தேடுங்கள். காலாவதித் தேதியைப் பெரும்பாலும் பாட்டிலில் அடைத்த நாளிலிருந்து கணக்கிடுகிறார்கள். அதற்கு முன் தொட்டியில் எத்தனை மாதம் கிடந்தது என்று அது சொல்லாது. வீட்டில் அடுப்புப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் உறைந்தால் அசல் என்ற சோதனையும் பயன்படாது. அசலும் உறையாமல் இருக்கும், கலப்படமும் உறையும்.

"ஆலிவ் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான்."

நம் ஊர்க் கடைகளில் பணம் வீணாவது இங்கேதான். 'போமஸ்' என்பது ஆலிவ் பிண்ணாக்கு. பழத்தைப் பிழிந்தபின் மிஞ்சும் சக்கையிலிருந்து ஹெக்சேன் போன்ற கரைப்பானால் எண்ணெய் எடுத்து, சுத்திகரித்து, கொஞ்சம் விர்ஜின் எண்ணெய் கலந்து விற்கிறார்கள். அது நஞ்சல்ல, ஆனால் கசப்பும் கமறலும் தரும் பாலிஃபீனால்கள் சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடுகின்றன. 'லைட்' என்பதும் சுத்திகரித்ததே. அது நிறத்திலும் மணத்திலும்தான் லேசு. எந்த ஆலிவ் எண்ணெயானாலும் ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி.

"சூடாக்கினால் நஞ்சாகிவிடும்."

இல்லை. நல்ல எக்ஸ்ட்ரா விர்ஜின் புகையத் தொடங்குவது ஏறத்தாழ 190 முதல் 210 டிகிரி செல்சியஸில். பொரிக்கத் தேவை 170, 180 டிகிரிதான். ஸ்பெயின்காரர்கள் இதில்தான் முட்டையும் மீனும் பொரிக்கிறார்கள். ஆனால் சூட்டில் பாலிஃபீனால்கள் குறையும், வாசமும் போகும். இவ்வளவு விலை கொடுத்து வாங்கியதை அப்பளம் பொரிக்கச் செலவழிக்காமல், காய்கறிக் கலவையிலோ அவித்த சுண்டலிலோ மேலே ஊற்றிச் சாப்பிடுவதே சரி என்பது என் கருத்து.

"நம் எண்ணெயை விட்டு இதற்கு மாறினால் இதயம் தப்பும்."

இதற்கு ஆதாரமாக எல்லோரும் காட்டுவது ஸ்பெயினின் பிரெடிமெட் ஆய்வு. இதய நோய் வாய்ப்பு அதிகமுள்ள சுமார் 7,400 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். மத்தியதரைக்கடல் உணவோடு தாராளமாக எக்ஸ்ட்ரா விர்ஜின் எண்ணெய் ஒரு குழுவுக்கு, அதே உணவோடு தினம் 30 கிராம் வாதுமை, அக்ரூட் போன்ற கொட்டைப் பருப்புகள் இன்னொன்றுக்கு, கொழுப்பைக் குறைக்கும்படி அறிவுரை மூன்றாவதற்கு. 2013இல் வந்த கட்டுரையில், குழு பிரித்த விதத்தில் குறை தெரிந்து, 2018இல் அதைத் திரும்பப் பெற்று, திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை. ஏறத்தாழ ஐந்தாண்டில் மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் நேர்ந்தவர்கள் எண்ணெய்க் குழுவில் 3.8 சதவீதம், பருப்புக் குழுவில் 3.4, மூன்றாவதில் 4.4. பலன் உண்டு. ஆனால் அது எண்ணெய்க்கு மட்டும் உரியதல்ல. காய்கறி, பயறு, மீனோடு சேர்ந்த சாப்பாட்டின் பலன் அது. வாதுமையும் அக்ரூட்டும் தின்றவர்களுக்கும் கிடைத்தது. இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெயை நிறுத்தச் சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

"எலுமிச்சைச் சாற்றோடு வெறும் வயிற்றில் குடித்தால் பித்தப்பைக் கல் விழுந்துவிடும்."

இருப்பவற்றுள் ஆபத்தானது இந்த நம்பிக்கைதான். மறுநாள் பச்சை உருண்டைகள் வெளியேறுவது உண்மை. நியூசிலாந்து மருத்துவர்கள் அப்படி ஒரு பெண்மணிக்கு வெளியேறியவற்றை ஆய்வகத்தில் சோதித்து, 2005இல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். அவற்றில் முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். குடித்த எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்டிருந்தது. கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. அதைவிட மோசம், மொத்தமாகக் கொழுப்பு உள்ளே போனால் பித்தப்பை இறுகும். ஒரு கல் நகர்ந்து குழாயை அடைத்துக்கொள்ளலாம். கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தவர்கள் தயவுசெய்து இதைச் செய்ய வேண்டாம். உங்கள் மருத்துவரிடம் போங்கள்.